மிரட்டல் என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி

1

"…குடுத்தாச்செண்டால் குடுத்தாச்சுத்தான் தம்பி. பிறகு அதைத் திருப்பி வாங்க நான் ஆர்? அதை இவைக்கு விளங்கப்படுத்துங்கோ."

பரமேசக்கா இதைச் சொன்னது சுவிற்சர்லாந்தில், ஒரு சிறிய நகரத்து முதியோர் இல்லத்தின் கூட்ட அறையில். அவர் அங்கே சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். நான் அதே கட்டடத்துக் குசினியில் சமைக்கிறேன். அவருக்கு ஊர் மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான், எனக்குத் திருகோணமலை நகரம், இறங்குதுறைப் பக்கம். ஊரில் இருந்திருந்தால் எங்களுக்கு நடுவில் ஒரு குடாக்கடல் கிடந்திருக்கும். இங்கே ஒரு மாடிப்படிதான் கிடக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் ஆளணிப் பிரிவு அதிகாரி, கண்ணாடி போட்ட இளம் பெண். மற்றவர் சலவைக்கூடத்துப் பொறுப்பாளர் கெல்லர் அம்மா. வலது மணிக்கட்டில் பெரிய கட்டுப் போட்டிருந்தார். நடுவில் ஒரு படிவம். 'சம்பவத்தின்போது பேசப்பட்டது எவ்வகையைச் சேர்ந்தது?' என்று கேட்டு, கீழே கட்டங்கள் போட்டிருந்தார்கள்: தகவல், வேண்டுகோள், முறைப்பாடு, அவமதிப்பு, மிரட்டல். கடைசிக் கட்டத்தில் குறுக்கும் மறுக்குமாகக் கோடு கீறி ஒரு புள்ளடி. பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்ட புள்ளடி.

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் புள்ளடிதான். இங்கே யாரிடம் சொன்னாலும் தலையைச் சரித்து, "பாவம், மொழிப் பிரச்சினை" என்கிறார்கள். எனக்கு அந்த இரக்கத்தைக் கேட்டால்தான் கூடுதலாக எரிகிறது. மொழிப் பிரச்சினை என்றால் அகராதியோடு தீர்ந்திருக்கும். பரமேசக்கா சொன்ன சொல் அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் விளங்கியது. அந்தச் சொல்லை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. விளங்காததோடு நில்லாமல், தங்களுக்குத் தெரிந்த ஒரு பெட்டிக்குள் அதைப் போட்டுப் பூட்டியும் விட்டார்கள்.

2

நடந்தது இதுதான்.

மேல்மாடியில் இருக்கும் ஒரு வயதான பெண்ணின் தங்கச் சங்கிலி காணாமற்போனது. இரவுச் சட்டையின் பையில் வைத்ததாக அவருக்கு ஞாபகம். அந்தச் சட்டை சலவைக்குப் போயிருந்தது. அன்றைக்குத் துணி பிரிக்கும் மேசையில் நின்றவர் பரமேசக்கா.

கெல்லர் அம்மா வந்து, "பைகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "பாத்தனான், ஒண்டும் இல்லை." பிறகும் வந்து கேட்டார். பிறகு எல்லாரும் நிற்கும்போது இன்னொரு முறை கேட்டார். கடைசியில் பரமேசக்காவின் அலுமாரியைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தது ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சீப்பு, ஒரு கம்பளிச் சட்டை, கதவின் உட்பக்கம் ஒட்டிய அம்மன் படம். "மன்னிக்கவும், இது வழக்கமான நடைமுறைதான்" என்றார் கெல்லர் அம்மா. அந்த வரிசையில் எத்தனையோ அலுமாரி. வழக்கமான நடைமுறை ஏனோ அந்த ஒன்றோடு களைத்துப் போய்விட்டது.

பரமேசக்கா அழவில்லை, கத்தவில்லை. தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னார். அதைத் தமிழில் போட்டால் இப்படித்தான் வரும்: "நான் என் கடவுள் அம்மாவுக்குச் சொன்னது. அம்மா வரும். அம்மா கேட்கும். நீ பார்ப்பது."

அந்த 'நீ'யைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பரமேசக்காவின் ஜேர்மனில் எல்லாரும் 'நீ'தான். வைத்தியரும் நீ, நகரபிதாவும் நீ, பஸ்ஸில் இருக்கும் நாய்க்குட்டியும் நீ. மரியாதைச் சொல் ஒன்று இருப்பதை அவருக்கு ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சலவைக்கூடத்தில் அவரோடு அந்தச் சொல்லில் பேசியவர் இருந்தால்தானே!

அந்த வாரமே கெல்லர் அம்மா தன் வீட்டுக் கார்க் கொட்டிலில் ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். கையில் கட்டோடு வந்து, முதல் வேலையாக முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினார். அதுவும் இடது கையால். எங்களுடைய அம்மாளை அந்தக் கட்டடத்தில் முழுமனதாக நம்பிய முதல் ஆள் கெல்லர் அம்மாதான்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலிடத்துக் கடிதம் சிரிப்பாக இல்லை. மிரட்டலை எழுத்தில் மீளப்பெற வேண்டும், இல்லாவிட்டால் வேலை ஒப்பந்தம் முடிக்கப்படலாம். பரமேசக்காவின் வதிவிட அனுமதி புதுப்பிக்கும் காலம் கிட்ட வந்துவிட்டது. அதற்கு வேலைக் கடிதம் வேண்டும். அவருடைய கணவர் உணவகங்களில் பெட்டி தூக்கி முதுகு போனவர். அந்த வீட்டில் அனுமதியும் அடுப்பும் பரமேசக்காவின் வேலையில்தான் தொங்குகின்றன.

"தம்பி, நீங்கள் வந்து பக்கத்தில இருந்து கதையுங்கோ" என்று குசினி வாசலில் வந்து நின்று கேட்டார். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு ஓம் என்றேன்.

3

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. நான் படித்த இடம் திருகோணமலை இறங்குதுறை. அப்பா குடாவைக் கடந்து மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கு ரிக்கற் கிழிப்பவர். பாலங்கள் வந்து பஸ் சுற்றிப் போகத் தொடங்குவதற்கு முந்திய காலம். குடாவைக் கடக்கிறவர்கள் எல்லாரும் அப்பாவின் யன்னலுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். நான் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் இருந்து அவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றப் பிள்ளைகள் சிப்பி பொறுக்கினார்கள். நான் கதை பொறுக்கினேன்.

பொறுக்கியதைப் பிரித்து வைக்கிற பழக்கமும் அங்கேதான் வந்தது. லோஞ்ச் துறையை அணையும்போது ஒரு ஆள் கயிற்றை எறிவார், கரையில் நிற்பவர் அதைப் பிடித்துக் குற்றியில் சுற்றுவார். மனிதரும் அதையேதான் செய்தார்கள்.

"எங்க, ஆசுபத்திரிக்கோ?"

"ஓம், மருமகள் பிள்ளை பெத்திருக்கிறா."

"பெடியனோ பெட்டையோ?"

"பெட்டை. தேப்பனை உரிச்சு வைச்சிருக்கு, பாவம்!"

கேட்டவருக்கு ஆசுபத்திரியால் ஒரு அலுவலும் இல்லை. அவர் கயிறு எறிந்தார், மற்றவர் பிடித்துச் சுற்றினார், இனி இருவரும் ஒரு துறையில் நிற்கிற ஆட்கள். இதற்கு நான் வைத்த பெயர் கயிறு போடுகிற கதை. சீனன்குடா பக்கம் போனால் காவலரணில் நிற்கிற ஆமிக்காரனும் அதே கேள்வியைத்தான் கேட்பான்: "எங்க போறாய்?" ஆனால் அவனிடம் கயிறு இல்லை. அது வழியை மறிக்கிற படலை. கேள்வி ஒன்றுதான் என்றாலும் எது கயிறு, எது படலை என்று எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத பிள்ளை அந்தக் காலத்தில் பிழைத்திருக்காது.

தண்ணீர் இறைக்கிற கதை என்று இன்னொன்று. பழைய தோணிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஒருவர் சிரட்டையால் இறைத்துக்கொண்டே இருப்பார். எங்கள் பெண்களின் ஏச்சு அந்தச் சிரட்டை. "மூதேவி, உன்ர கால் தரையில நில்லாதோ! கடலுக்க விழுந்து துலையப் போறாய், இஞ்ச வந்து என்ர மடியில இரு!" ஏச்சு முடிகிற இடத்தில் மடி இருக்கிறதா இல்லையா? அதைத் தனியாக வெட்டி எடுத்து அவமதிப்பு என்ற கட்டத்தில் போட்டால், மடியை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

வாடைக் காலத்தில் நடுக்குடாவில் அலை எழும்பிப் பெண்கள் அழத் தொடங்கினால், சுக்கான் பிடிக்கிற சுலைமான் காக்கா ஒன்றும் தெரியாத வெள்ளை மழைக்குள் விரலை நீட்டி, "அந்தா துற தெரியுது, அழாம இரிங்க புள்ள" என்பார். துறை தெரியவில்லை என்பது அவருக்கும் தெரியும், அழுதவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அழுகை நிற்கும். அதைப் பொய் என்று பதிகிறவன் அந்த லோஞ்சில் ஏறாதவன்.

இதே சுலைமான் காக்காவின் காலடியில்தான் ஒருநாள் நாகம்மாவின் பை காணாமற்போனது. நாகம்மா மூதூர்ப் பக்கத்துப் பெண், துறைமுகக் கடைகளுக்கு மரக்கறி கொண்டுவருபவர். அன்றைக்கு மகளின் சடங்குக்கென்று வாங்கிய புதுச் சீலைக்கு நகரத்தில் சட்டை தைக்கக் கொடுக்கக் கொண்டுவந்து, பையை இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இறங்கும்போது பை இல்லை. திருகோணமலைத் துறையிலேயே நின்று கத்தினார்.

"காக்கா, உங்கட காலடியிலதானே வைச்சனான்!"

"புள்ள, நான் சுக்கானப் பாத்தனா, ஒண்ட பையப் பாத்தனா?"

"அப்ப கடல் வந்து எடுத்ததோ?"

சனம் கூடிவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள், நாகம்மாவுக்குப் பின்னால் தமிழர், காக்காவுக்குப் பின்னால் முஸ்லிம்கள். அந்த நாட்களில் துறையில் ஆட்கள் இரண்டு பக்கமாகச் சேர்வது நல்ல சகுனம் இல்லை. அப்பா யன்னலைச் சாத்திவிட்டு வெளியே ஓடினார்.

அப்போதுதான் நாகம்மா அமைதியானார். நகரத்துக்குள் நடந்து காளி கோயிலுக்குப் போனார். மத்தியான லோஞ்ச் வெளிக்கிட முன் திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"காக்கா, நான் அம்மாளிட்டக் குடுத்திட்டன். எடுத்தது நீங்களெண்டால் உங்களைக் கேக்கட்டும். நான் வீணா உங்களில பழி போட்டிருந்தால் என்னைக் கேக்கட்டும்."

சுலைமான் காக்கா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அவர் முகத்தில் நான் பயத்தை எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது ஆறுதல்.

"நல்லது புள்ள. நீ என்னப் பாத்த கண்ணால இனி ஆரும் பாக்கத் தேவல்ல. ஏறு, லோஞ்ச் வெளிக்கிடப் போகுது."

நாகம்மா ஏறினார். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில், அதே இடத்தில் இருந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்து முதல் வெற்றிலையைக் காக்காவுக்கு நீட்டினார். கூடிய சனம் கலைந்தது. பிறகு ஒருநாளும் தொலைந்த பையைப் பற்றி அவர் வாய் திறந்ததை நான் கேட்கவில்லை. காக்காவின் மனைவி ஆசுபத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்ததும் நாகம்மாதான். சீலையை யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மாளுக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். அம்மாளிடம் கொடுத்துவிட்டால் வழக்கு உன் கையில் இல்லை. அதற்குப் பிறகு நீ அந்த ஆளை ஏசக்கூடாது, முகம் திருப்பக்கூடாது, ஒரு கெடுதல் நினைக்கக்கூடாது. செய்தால் நீயே வழக்கைத் திருப்பி எடுத்தவள் ஆவாய். கொடுக்கிறவள் தன்னையும் சேர்த்தே கொடுக்கிறாள். பொய் சொல்லியிருந்தால் அவளைத்தான் முதலில் கேட்கும். ஆகவே கொடுத்ததைத் திரும்ப வாங்க ஓடுகிறவர் ஒரே ஒருவர்தான்: குற்றத்தைத் தானே செய்துவிட்டுப் பொய்யாகக் கொடுத்தவர்.

பாரம் இறக்குகிற கதை என்று இதற்குப் பெயர் வைத்திருந்தேன். உலகத்திலேயே மிரட்டலுக்கு மிகத் தூரத்தில் இருக்கிற பேச்சு இது. கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்கிற பேச்சு. அதற்குத்தான் புள்ளடி.

4

என் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் மொழியைப் பற்றிப் படிக்கிறாள். பரமேசக்காவின் கூட்டத்துக்கு முந்திய வாரம் அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். வீட்டில் நடக்கும் ஒரு சாதாரண உரையாடலைப் பதிவுசெய்து, ஒவ்வொரு பேச்சும் எதைச் செய்கிறது என்று வகைப்படுத்த வேண்டும். எங்கள் இரவுச் சாப்பாட்டைப் பதிவுசெய்துவிட்டாள். அடுத்த நாள் மேசையில் கணினியைத் திறந்து வைத்து எனக்குக் காட்டினாள். என் பெயருக்கு நேரே வரிசையாக: கட்டளை, கட்டளை, கேள்வி, கட்டளை, முறைப்பாடு, கட்டளை.

"இதென்ன பிள்ளை, நான் இராணுவத்திலயோ இருக்கிறன்?"

"நீங்கள் 'சாப்பிடு' எண்டு சொன்னனீங்கள் அப்பா. பிறகு 'இன்னும் கொஞ்சம் போடு' எண்டனீங்கள். கட்டளைதானே?"

"நான் சாப்பிடு எண்டால் அது கட்டளையோ? உனக்கு அப்பிடியோ கேக்குது?"

"எனக்கு எப்பிடிக் கேக்குது எண்டது முக்கியமில்லை. விதி அப்பிடி."

மனைவியின் பெயருக்கு நேரே 'கேள்வி' என்று ஒன்று இருந்தது. கறிக்கு உப்புக் காணாதோ என்று அவர் கேட்டது. நான் சொன்னேன்: "அது கேள்வியில்லை. வேலையால வந்து நிண்ட நிலையில சமைச்சிருக்கிறா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நல்லாயிருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன் எண்டு எங்களை இழுக்கிறா."

"அப்ப வேண்டுகோளோ?"

"வேண்டுகோளும் இல்லை. அது… கயிறு."

மகள் சிரித்தாள். பிறகு நிரலின் அடியில் இருந்த ஒன்றைக் காட்டினாள். "இஞ்ச பாருங்கோ, 'மற்றவை' எண்டு ஒண்டு இருக்கு. எங்கட வீட்டுக் கதையில பாதி அதுக்குள்ளதான் விழுகுது."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "எங்கட சீவியமே 'மற்றவை'யோ? அவையின்ர கதைக்கு அஞ்சாறு அறை, எங்களுக்கு வீட்டுப் பின்கோடிக்குள்ள ஒரு கொட்டிலோ?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவள் அதையும் ஏதோ ஒரு வகையில் பதிந்திருப்பாள்.

குரல் தணிந்த பிறகு பரமேசக்காவின் கடிதத்தைக் காட்டினேன். வாசித்தாள். "கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ அப்பா. வேலை தப்பும். அது வெறும் வார்த்தைதானே."

"வெறும் வார்த்தையெண்டால், அவ சொன்னதும் வெறும் வார்த்தைதானே. அதுக்கு ஏன் புள்ளடி போட்டவை?"

மகள் கணினியை மூடினாள். போகும்போது திரும்பி, "அதை அங்கையும் இப்பிடியே கேளுங்கோ" என்றாள்.

5

கேட்டேன். ஆனால் அவ்வளவு அழகாக வரவில்லை. கோபம் வந்தால் என் ஜேர்மனில் வினைச்சொற்கள் எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் போய்ச் சேருவதற்குள் வழியில் தொலைந்துவிடும்.

ஆளணிப் பெண் நல்லவர்தான். குரலை உயர்த்தவில்லை. "இந்த வாக்கியங்களை அவர் சொன்னாரா, இல்லையா?" என்று கேட்டார்.

"சொன்னார்."

"அம்மா வருவார், நீ பார்ப்பாய் என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், நீங்கள் அதை எப்படி எடுப்பீர்கள்?"

"எங்கள் ஊரில் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன்" என்றேன். துறையையும் நாகம்மாவையும் சுலைமான் காக்காவையும் சொன்னேன். வெற்றிலையை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இலை என்று சொல்லிவைத்தேன். அவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் அது முறைப்பாடு. முறைப்பாடென்றால் எங்களிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்?"

"அலுமாரியைத் திறந்ததே உங்கள் ஆட்கள். ஆகவே அதற்கு மேலிடத்துக்குப் போனார்."

அவர் உதட்டைக் கடித்தார். சிரிப்பை அடக்கியதா, கோபத்தை அடக்கியதா என்று தெரியவில்லை. கெல்லர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கி, "என் கையைப் பாருங்கள்! நான் இரவில் தூங்கவில்லை!" என்றார். அந்தப் பயம் நடிப்பில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

பரமேசக்கா என்னைப் பார்த்தார். "என்னவாம் தம்பி?"

"நீங்கள் சொன்னதாலதான் தன்ர கை சுளுக்கினது எண்டு நினைக்கிறா அக்கா."

"ஐயோ, இதாலயோ நித்திரை கொள்ளேல்லை? அம்மாள் கையைப் பிடிச்சு முறுக்கிற ஆளோ! சுளுக்குக்கு நோவெண்ணெய் பூசினவவோ? இந்த வெள்ளைக் கட்டோட விட்டால் மாதக்கணக்கில இழுக்கும். என்னட்டக் கிடக்கு, நாளைக்குக் கொண்டாறன் எண்டு சொல்லுங்கோ."

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். கெல்லர் அம்மா குனிந்து படிவத்தைப் பார்த்தார். நோவெண்ணெய் எந்தக் கட்டத்துக்குள் போகும் என்று அவரும் தேடியிருக்க வேண்டும்.

"சரி, இதை ஒருவகைச் சத்தியம் என்றே வைத்துக்கொள்வோம்" என்றார் ஆளணிப் பெண். "ஆனால் அப்படி ஒரு கட்டம் இந்தப் படிவத்தில் இல்லை."

சொல்லும்போது அவருக்குக் கூச்சம்கூட வரவில்லை. கட்டம் இல்லாததால் நடந்ததும் இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் அளவில்லாத சட்டையை உடம்புக்குப் பொருந்தவில்லை என்போம். இங்கே சட்டைக்கு உடம்பு பொருந்தவில்லை என்று ஆளை வெட்டப் பார்க்கிறார்கள். அகதியாக வந்த நாளிலிருந்து இதே கதைதான். வந்த புதிதில் ஓர் அதிகாரி என் அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராக எழுதினார். இன்றைக்கும் வைத்தியசாலையில் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழும்பிப் போகிறேன். அதையெல்லாம் பொறுத்தோம். பெயரை மாற்றினால் மாற்றட்டும் என்று விட்டோம். ஆனால் ஒரு மனுசி தன் கோபத்தைக் கீழே இறக்கி வைத்த செயலை எடுத்து, அதையே கோபம் என்று பதிவது என்ன நியாயம்? இந்த நாட்டில் அவர்கள் கையெழுத்துக் கேட்கும்போது அது வெறும் வார்த்தை, நாங்கள் வாய் திறந்தால் மட்டும் அது குற்றச் செயல். மகளிடம் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்டேன்.

பிறகு ஆளணிப் பெண் ஒரு தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு உதவி. "இதில் கையெழுத்து வைத்தால் இன்றோடு முடிந்துவிடும். யாரும் பிறகு கேட்கமாட்டார்கள்."

"என்ன எழுதியிருக்கு, விடாமல் வாசியுங்கோ தம்பி" என்றார் பரமேசக்கா.

வாசித்தேன். சலவைக்கூடத்தில் நான் விடுத்த மிரட்டலை மனப்பூர்வமாக மீளப்பெறுகிறேன்.

"வைச்சால்?"

"வேலை இருக்கும். வேலைக் கடிதம் தருவினம். அனுமதிக்குப் பயமில்லை."

"வையாட்டில்?"

"தெரியாது அக்கா. போனாலும் போகும்."

எனக்குள்ளே ஒரு குரல், வையுங்கோ அக்கா, வைச்சுப்போட்டு வீட்ட போவம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவருடைய கணவர் முதுகில் தலையணை வைத்துக்கொண்டு யன்னலோரம் இருப்பது என் கண்ணுக்குள் நின்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் பாரம் இல்லை அது.

பரமேசக்கா தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, அம்மாளிட்டச் சொன்னதைத் திருப்பி வாங்கிறன் எண்டு எழுதியிருக்கு."

"ஓம்."

"திருப்பி வாங்கிறது ஆர் தம்பி? எடுத்தவள்தானே வாங்குவாள். நாளைக்கு அந்தச் சங்கிலி ஏதாவது கட்டிலுக்குக் கீழ இருந்து வரும். வந்தாலும் நான் கள்ளிதான், என்ர கையால எழுதிக் குடுத்தபடியால்."

6

முடிவு தபாலில் வரும் என்றார்கள். இதை எழுதும்வரை வரவில்லை. சங்கிலியும் வரவில்லை. பரமேசக்கா வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார். மத்தியானம் குசினி வாசலால் எட்டிப் பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டிவிட்டுப் போவார். தபால்காரனின் மஞ்சள் வண்டி முற்றத்தில் திரும்பும்போது கறிச்சட்டிக்குள் என் கரண்டி நின்றுவிடுகிறது.

சும்மா இருக்க என்னால் ஏலாது. அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று ஆளணிப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மகள்தான் ஜேர்மனைத் திருத்தினாள். தொலைந்த வினைச்சொற்களை எல்லாம் பிடித்துக் கொண்டுவந்து அவற்றின் இடத்தில் வைத்தாள். அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டேன். 'மற்றவை' என்று சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் யோசித்து, 'கீழே இறக்கி வைத்தல்' என்று ஜேர்மனில் எழுதினாள். தன் பயிற்சியிலும் அதையே ஒரு வகையாகச் சேர்க்கப் போவதாகவும், பேராசிரியர் கேட்டால் இறங்குதுறையைச் சொல்லப் போவதாகவும் சொன்னாள். அவள் பார்த்தேயிராத துறை அது.

ஆளணிப் பெண் அந்தக் கடிதத்தை எந்தக் கோப்பில் போட்டாரோ. அவர் வாசிக்கட்டும், வாசிக்காமல் விடட்டும். அவருக்கு எதிரிலேயே அன்றைக்கு ஒன்று நடந்தது. அதைப் பதிவதற்கும் அவரிடம் கட்டம் இருக்கவில்லை.

தாளை வாசித்து முடித்து, கள்ளி என்ற சொல் இன்னும் மேசையில் கிடக்கும்போதுதான், பரமேசக்கா என் பக்கம் திரும்பி நான் முதலில் எழுதியதைச் சொன்னார். குடுத்தாச்செண்டால் குடுத்தாச்சுத்தான் தம்பி, பிறகு அதைத் திருப்பி வாங்க நான் ஆர், அதை இவைக்கு விளங்கப்படுத்துங்கோ என்று. நான் ஜேர்மனில் முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. கையெழுத்தில்லாத தாளையும் பேனாவையும் இரண்டு கையாலும் எடுத்து ஆளணிப் பெண்ணிடம் கொடுத்தார். எழும்பிக் கதிரையை மேசைக்குள் தள்ளினார். கெல்லர் அம்மாவின் கோப்பி தொடாமலே ஆறி ஆடை படர்ந்திருந்தது. அந்தக் கோப்பையை எடுத்துப்போய் மூலையில் இருந்த தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, கோப்பி இயந்திரத்தில் சூடாகப் பிடித்து வந்தார். கட்டுப் போட்ட கையால் சீனிப் பையைக் கிழிக்க முடியாதென்று தானே இரண்டைக் கிழித்துப் போட்டார். கெல்லர் அம்மாவுக்கு இரண்டு என்பதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கரையும்வரை நின்று கலக்கினார். பிறகு கோப்பையைக் கெல்லர் அம்மாவுக்கு முன்னால் வைத்து, கைப்பிடியை அவருடைய இடது கைப் பக்கம் திருப்பிவிட்டு, ஈரத்துணி காத்திருந்த கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனார்.